லேவிக்கு ஒரு முகம்

தம்பியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு விளக்கை அணைப்பது ரெய்னாவுக்குப் புதிதாக வந்த பழக்கம். எண்பதைத் தாண்டிய பிறகு புதுப் பழக்கம் வருவதே அதிசயம். அதுவும் இரண்டரை வயதில் செத்துப்போன ஒரு பிள்ளையோடு. கட்டில் பக்கத்து மேசையில், தண்ணீர் டம்ளருக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவே அவன் படம் நின்றது. மகன் ரொனிதான் பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். முகம் மட்டும், கொஞ்சம் மங்கலாக. உருண்டைக் கன்னம், விரிந்த காது, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிய ஒரு பயல்.

படம் வடக்கே ஹாமெர்வோல்டேயிலிருந்து வந்தது. அவள் பிறந்த ஊர். அங்கே பழைய யூத ஜெப ஆலயத்தை மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள். ஜெபம் பண்ண ஆள் இல்லாத ஊரில் வேடிக்கை பார்க்க ஆள் இருக்கிறது என்று ரெய்னா சொல்வாள். சொன்னாலும் வருஷத்துக்கு ஒருமுறை நன்கொடை அனுப்பிவிடுவாள். அதை நடத்துகிற ஒன்னோ, ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார், ரொனிக்கு எழுதியிருந்தார். உங்கள் அம்மாவின் அந்தக் காலத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பம் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. உள்ளே உங்கள் அம்மா பிறந்த நைவேன் குடும்பத்துச் சாமான்கள், உங்கள் பாட்டி வீட்டுத் தட்டுகள். அடியில் வைக்கோலுக்குள் ஒரு புகைப்படமும் கிடந்தது. உங்கள் மாமா லேவியாக இருக்கலாம். அவரைக் கண்ணால் பார்த்தவர் என்று உலகத்தில் இப்போது உங்கள் அம்மா ஒருவர்தான் இருக்கிறார். வந்து பார்த்துச் சொல்லுவாரா?

அந்த மியூசியத்தில் ஒரு சுவர் உண்டு. போரில் ஜெர்மன்காரர்கள் ஊரிலிருந்து முகாம்களுக்கு ரயிலேற்றியவர்களின் முகங்கள் வரிசையாக இருக்கும். படம் கிடைக்காதவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம், கீழே பெயர். திறப்பு விழாவுக்குப் போனபோது ரெய்னா பார்த்திருக்கிறாள். அப்பா இருந்தார், அம்மா இருந்தாள். சாரா அத்தை வைத்திருந்த கல்யாணப் படத்திலிருந்து எடுத்தது. அவர்களுக்குப் பக்கத்தில் லேவியின் சதுரம். அந்தச் சாம்பல் முன்னால் அவள் வெகுநேரம் நின்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

மற்றதெல்லாம் நினைவிருக்கிறது. அடுப்படிச் சுவர்க் காகிதத்தின் பூ, பூனையின் கிழிந்த காது, பரணுக்கு ஏறும் ஏணியில் முனகுகிற படி. அப்பாவிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரையும் வெயிலில் நிறுத்திப் பாடாய்ப் படுத்துவார். அந்தப் படங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. லேவியிலும் பாதி நினைவிருக்கிறது. இடுப்பில் அவன் கனம். பிசுபிசுத்த கையால் முடியைப் பிடித்து இழுப்பது. ரெய்னா என்று வாயில் வராமல் ‘நேனா, நேனா’ என்று கத்துவது. முகம் மட்டும் இல்லை. பூனையின் காதை வைத்துக்கொண்டு தம்பியின் முகத்தைத் தொலைத்தவள் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். ஆறு வயதுப் பிள்ளை எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யோசித்தா வைக்கும்?

ரொனி படத்தைக் கொண்டுவந்த அன்று அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாரோ ஒரு குழந்தை. ஆனால் கழுத்தோரம் கொஞ்சம் ஸ்வெட்டர் தெரிந்தது, அதில் வரிசையாகக் குட்டிப் படகுகள். அது அம்மா பின்னியது. சந்தேகமே இல்லை, அந்தப் படகுகள் ஊசியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்குவதை அம்மாவின் காலடியில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். ஸ்வெட்டர் சரி என்றால் உள்ளே இருக்கிறவனும் சரிதானே. மறுநாள் காது தெரிந்த காதுபோல் இருந்தது. அடுத்த வாரம், அந்தக் கண்சுருக்கல் அப்படியே அப்பா என்று ரொனியோடு சண்டையே போட்டாள். இப்போது இடுப்பில் கனக்கிற பிள்ளைக்கு முகம் இருந்தது. ‘நேனா’ என்று கூப்பிடும்போது அந்த வாய் அசைந்தது. ரெய்னா சந்தோஷமாக இருந்தாள். இந்த வயதில், இந்த விஷயத்தில் சந்தோஷம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அது சந்தோஷம்தான்.

வடக்கே போகிற அன்று காலையிலிருந்து மழை. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள்போல உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு காரில் ஏறினாள். பாதி தூரம் போனபிறகு ரொனி மெல்ல ஆரம்பித்தான்.

“அம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒருவேளை அது மாமா இல்லன்னா?”

“உனக்கு மாமான்னு ஒருத்தன் இருந்ததே இல்ல. அதான் பார்த்ததும் சந்தேகம் வருது. ரோட்டப் பாரு.”

“பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

“லாரிக்குப் பின்னாடியே ஒட்டிட்டுப் போற. உங்கப்பாவும் இப்படித்தான், லாரியக் கண்டா விடமாட்டார்.”

“சரி சரி. நான் எதுக்குச் சொல்றேன்னா, நீ ரொம்ப ஆசை வெச்சிருக்க.”

“ஆசை வெக்கறதுக்கு எனக்கு வேற என்னடா இருக்கு? உன் தலைமுடியா?”

ரொனி வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான்.

“அந்தப் பக்கத்து வீட்டம்மா, ஃபென்னா... அவங்களப் பத்தி நீ நல்லதா ஒண்ணும் சொன்னதில்லையே?”

ரெய்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்லதாகச் சொல்ல என்ன இருந்தது? போர் முடியும்வரை அவள் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் வேறு பெயரில் ஒளிந்திருந்தாள். ஒரு பிள்ளைக்குத்தான் இடம் கிடைத்தது. லேவி அழுகிற குழந்தை. அழுகிற குழந்தையை ஒளித்துவைக்க யாரும் துணியமாட்டார்கள். அவன் அம்மா அப்பாவோடு ரயிலேறிப் போனான், மூன்று பேரும் திரும்பவில்லை. போர் முடிந்ததும் சாரா அத்தை அவளைக் கையில் பிடித்துக்கொண்டு பழைய தெருவுக்குப் போனாள். அவர்கள் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஃபென்னா கதவைப் பாதிதான் திறந்தாள்.

“அடடே, திரும்பி வந்துட்டீங்களா?” என்றாள். பிறகு, “இங்க ஒண்ணும் இல்லம்மா. எல்லாத்தையும் ஜெர்மன்காரன் வழிச்சுட்டுப் போயிட்டான்” என்றாள். கதவு சாத்திக்கொண்டது.  

யூதர்களில் உயிரோடு திரும்பியவர்கள் எல்லோரும் இப்படி ஒரு கதவுக்கு முன்னால் நின்றவர்கள்தான். போகும்போது ‘நாங்க பத்திரமா வெச்சிருக்கோம்’ என்று சாமானை வாங்கிக்கொண்ட அண்டை வீட்டுக்காரர்களில் சிலர் உண்மையிலேயே பத்திரமாக வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். ஃபென்னா இதில் எந்த வகை என்பதில் ரெய்னாவுக்கு இந்த வருஷம் வரைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இப்போது பெட்டி வந்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பெண் அன்று பயந்துபோய்ப் பொய் சொல்லியிருப்பாள், பிறகு அதைத் திருத்த வெட்கப்பட்டிருப்பாள். லேவியின் படத்தை எறியாமல் வைக்கோலுக்குள் பொத்தி வைத்திருக்கிறாளே.

“நான்தான் தப்பா நெனச்சிட்டேன் போலிருக்கு” என்றாள் ரெய்னா. “செத்தவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறது எப்படின்னு எனக்குத் தெரியல.”

மியூசியம் வாசலில் ஒன்னோ குடையோடு நின்றார். நெட்டை மனிதர், கழுத்தில் சிவப்பு மஃப்ளர். போருக்குப் பிறகு வெகுகாலம் அந்தக் கட்டடம் கம்பளக் கடையாக இருந்தது. ஜெபத்தின்போது பெண்கள் உட்கார்ந்த மாடியில் குளியலறை மிதியடி விற்றார்கள். இப்போது எல்லாம் சுத்தமாக வெள்ளையடித்து, தரை பளபளத்தது. உள்ளே காபி வாசனை. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் கேக் தட்டோடு ஓடிவந்தாள். யன்டீனா, ஃபென்னாவின் பேத்தி. பெட்டியைக் கொடுத்தவள் இவள்தான். வந்ததும் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரொனியின் கையில் திணித்துவிட்டு ரெய்னாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, உங்களப் பாப்பேன்னு நான் நெனச்சே பாக்கல. வெண்ணெய் கேக் நானே சுட்டேன். நீங்க சாப்பிடலாம்தானே? பன்றிக் கொழுப்பெல்லாம் இல்ல, வெறும் வெண்ணெய்.”

“கேக்குக்கு நான் எப்பவும் வேண்டாம்னு சொன்னதில்ல” என்றாள் ரெய்னா.

“ரெண்டு துண்டா எடுத்துக்கங்க!”

“ரெண்டா! ரொனி, பாரு. இந்த ஊர்ல காபியோட ரெண்டு துண்டு கேக் குடுத்தா பேரன் பேத்தி வரைக்கும் அதப் பேசுவாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். யன்டீனா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவளுடைய அப்பா ஹார்ம், ஃபென்னாவின் ஒரே பிள்ளை, போன வசந்தத்தில் இறந்துபோனார். வீட்டைக் காலி பண்ணும்போது பரணில் இந்தப் பெட்டி ஆணியடித்துக் கிடந்ததாம். மூடியில் நைவேன் என்று பெயர்.

“பாட்டி அதத் தொட்டதே இல்லையாம்” என்றாள் யன்டீனா. “உங்கம்மாவுக்குன்னு அப்படியே வெச்சிருந்தாங்கன்னு அப்பா சொல்லுவார். ‘அடுத்தவங்க சாமான், யாரும் தொடக்கூடாது’ன்னு. எனக்கு அது ரொம்பப் பெருமைம்மா. அந்தக் காலத்துல எத்தன பேர் அப்படி இருந்தாங்க?”

“சில பேர்தான்” என்றாள் ரெய்னா. அந்தக் கையை விடாமலே இருந்தாள். நல்ல சூடான கை.

மூன்று மணிக்கு விழா. ஊர்க்காரர்கள் வருவார்கள், சுவரில் லேவியின் இடத்தை மூடியிருக்கும் வெள்ளைத் துணியை ரெய்னா விலக்குவாள். அதற்கு முன்னால் பெட்டிச் சாமான்களைக் காட்டுகிறேன் என்று ஒன்னோ கூட்டிப்போனார். ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் மேசை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, வாராந்திர ஓய்வுநாளுக்கு ஏற்றுகிற மெழுகுவர்த்திகளை வைத்து, ‘வெள்ளிக்கிழமை இரவு விருந்து’ என்று எழுதியிருந்தது. விளிம்பில் பச்சை ஐவிக்கொடியும் மெல்லிய தங்கக் கோடும் ஓடிய தட்டுகள். நடுத்தட்டில் பளபளவென்று பின்னல் ரொட்டி ஒன்று, பிளாஸ்டரில் செய்து வர்ணம் பூசியது.

ரெய்னா வாயைப் பொத்திக்கொண்டாள். அழப்போகிறாள் என்று ரொனி தோளைப் பிடித்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஐயையோ வாத்தியாரே! எங்கம்மா இதப் பாத்திருந்தா உங்களத் துடைப்பக்கட்டையோட தெருமுனை வரைக்கும் துரத்தியிருப்பா.”

“ஏன்? ஏதாவது தப்பா?” ஒன்னோவின் காது சிவந்தது.

“இது பஸ்கா தட்டு. பண்டிகை நாள் மட்டுந்தான் பரண்லேர்ந்து இறங்கும். அந்த நாள்ல எங்க வீட்டுல ரொட்டிங்கற பேச்சே கிடையாது. புளிச்ச மாவு ஒரு துணுக்கு இருக்கக்கூடாதுன்னு அம்மா கோழி இறகால மூலை மூலையாக் கூட்டுவா. பண்டிகை முடிஞ்சா தட்டு மறுபடி பரணுக்குப் போயிடும், பூட்டு போட்டு. ஆக, பொறந்ததுலேர்ந்து இந்தத் தட்டு ரொட்டியக் கண்ணால பாத்ததில்ல.”

“ஒரு தடவ கூடவா?” என்றான் ரொனி. அவனுக்கு இதெல்லாம் அரைகுறையாகக் காதில் விழுந்ததுதான். அவளே வளர்ந்த பிறகு இந்தச் சட்டங்களையெல்லாம் கைவிட்டவள்.

“ஒரு தடவ பட்டாப் போதும், தட்டு கெட்டுப்போச்சு. மறுபடி பஸ்காவுக்கு ஆகாது. நான் ஒருநாள் பிஸ்கட்டும் கையுமா அந்த ஏணில ஏறிட்டேன். எங்கம்மா போட்ட சத்தத்துல பூனை ரெண்டு நாள் வீட்டுக்கு வரல.”

“நான் வெச்சது பிளாஸ்டர் ரொட்டிதான்” என்றார் ஒன்னோ பாவமாக.

“பிளாஸ்டருக்குப் பாவம் ஒட்டாது. ஆனாலும் எடுத்துடுங்க. அம்மா எங்கேயாவதிருந்து பாத்துட்டிருந்தா?”

ஒன்னோ கூண்டைத் திறந்து ரொட்டியை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். ஒரு தட்டை ரெய்னாவின் கையில் கொடுத்தார். அவள் அதை மார்போடு சேர்த்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பஸ்காவுக்கு முதல் நாள் அம்மா மேலேயிருந்து ஒவ்வொரு தட்டாகக் கொடுப்பாள், அப்பா ஏணியில் நின்று வாங்குவார், கடைசியில் ஒரே ஒரு தட்டை மட்டும் அவள் கையில் கொடுப்பார்கள். ‘ராஜாவோட கிரீடத்தத் தூக்கறாப்ல தூக்கு’ என்பார் அப்பா. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தட்டு முழுக்கக் கத்திக் கீறல். தங்கக் கோடு பல இடங்களில் தேய்ந்து வெறும் பீங்கான் தெரிந்தது. பழைய சாமான், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அம்மா அதை எப்படிப் பளபளவென்று வைத்திருந்தாள் என்று நினைவு வந்ததை, வந்த வழியே அனுப்பிவிட்டாள்.

“சரி, எனக்கு அந்த நிஜப் படத்தக் காட்டுங்க” என்றாள். “பிரிண்ட்ட பாத்துப் பாத்துக் கண்ணு வலிக்குது.”

“முகத்த மட்டும் வெட்டிப் பெரிசு பண்ணியிருக்கோம்” என்றாள் யன்டீனா. “மத்ததெல்லாம் மேசை, சாமான்னு ஒண்ணும் சரியாத் தெரியல.”

ஒன்னோ வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். படம் ஒரு கை அகலம்கூட இல்லை. ரெய்னா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். 

பையன் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம். அதே காது, அதே கண்சுருக்கல். வந்துட்டேன்டா என்று மனதுக்குள் சொன்னாள். பிறகு ஸ்வெட்டர், படகுகள் வயிறு வரைக்கும் வரிசை வரிசையாக இறங்கின. பிறகு அவன் கை. கையில் ஓரம் கடித்த ஒரு துண்டு ரொட்டி. பிறகு தட்டு. தட்டில் இன்னும் ஒரு துண்டு. அதைச் சுற்றி விளிம்பில் ஐவி இலைகள்.

அவள் படத்தைக் கீழே இறக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். முகம், ஸ்வெட்டர், கை, ரொட்டி, தட்டு. லேவி அந்த வீட்டில் இருந்தவரை அந்தத் தட்டில் ரொட்டி விழுந்திருக்காது. பண்டிகையில் ரொட்டி இல்லை, மற்ற நாளில் தட்டு இல்லை. இது நைவேன் வீட்டு மேசை இல்லை. ஸ்வெட்டரின் கையையும் இப்போது பார்த்தாள். வளர்கிற பிள்ளை, அடுத்த குளிருக்கும் ஆகட்டும் என்று அம்மா பெரிதாகப் பின்னியிருந்தாள். லேவிக்கு அதை இரண்டு மடிப்பு மடித்துவிட வேண்டும், அப்போதும் விரல் நுனிதான் தெரியும். இந்தப் பையனுக்கு மணிக்கட்டில் அளவாக நின்றது. வளர்ந்திருந்தான். வளர நேரம் கிடைத்த பிள்ளை.

“என்னம்மா?” என்றான் ரொனி.

யன்டீனா ஆவலோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் வெள்ளைத் துணி தொங்கியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் அழுவார்கள், கேக் சாப்பிடுவார்கள், அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை முகம் இருக்கும், பள்ளிப் பிள்ளைகள் வந்து ‘ஐயோ பாவம்’ என்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைகூட இல்லை. ஒரு துண்டு ரொட்டியை மறைத்தால் போதும், அதையும் ஏற்கனவே வெட்டிவிட்டார்கள். அவள் வாயைத் திறந்தாள். அவளுக்கு அந்த முகம் வேண்டும். யாருடையதாக இருந்தாலும் வேண்டும் என்கிற அளவுக்கு வேண்டும். ஆனால் தட்டும் ஸ்வெட்டரும் போன இடத்துக்கு லேவியின் பெயரையும் அவளே கொண்டுபோய்க் கொடுப்பதா?

“இது லேவி இல்ல” என்றாள்.

ஒன்னோதான் முதலில் தொண்டையைச் செருமினார்.

“ரெய்னாம்மா, அவசரப்படாதீங்க. ரொம்ப வருஷமாச்சு இல்லையா...”

“தட்டப் பாருங்க வாத்தியாரே. தட்டுல என்ன இருக்கு பாருங்க.”

அவர் பார்த்தார். அக்குளில் இன்னும் பிளாஸ்டர் ரொட்டி இருந்தது. அவருக்குப் புரிவது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நல்ல மனிதர், நல்ல செய்தியை விட மனசு வரவில்லை.

“போர்க்காலம். ஒருவேளை உங்கம்மா வேற வழியில்லாம...”

“எங்கம்மா பட்டினி கிடப்பா. பிள்ளைக்குத் தன் உள்ளங்கையில வெச்சு ஊட்டுவா. அந்தத் தட்டுல ரொட்டி வெக்கமாட்டா.” ரெய்னா யன்டீனாவின் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. “யன்டீனா, அப்ப உங்கப்பாவுக்கு என்ன வயசும்மா?”

யன்டீனா பக்கத்திலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

“நாங்க போட்டோ எடுக்கற குடும்பமே இல்லம்மா” என்றாள். “பாட்டி வீட்டுல கேமராவே கிடையாது.”

“எங்க வீட்டுல இருந்தது” என்றாள் ரெய்னா.

வெளியே மழை கூரையில் அடித்தது. ஒன்னோ உறையை யன்டீனாவிடம் நீட்டினார். அவள் அதை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தாள். முன்பும் நூறு முறை பார்த்த படம்தான். அப்போது அவள் வேறு பிள்ளையைத் தேடிப் பார்த்தாள்.

“காது” என்றாள். “கடவுளே. அப்பாவோட காது.” கன்னத்தில் சிவப்பு ஏறிக் கழுத்து வரை பரவியது. “பாட்டி தொடவே இல்லன்னு... அப்பா சொன்னாரே... அவருக்கே தெரியாதும்மா, சத்தியமா. அவர் சின்னப் பிள்ள.”

“தெரியாது” என்றாள் ரெய்னா. “மூணு நாலு வயசுப் பையன் என்ன பண்ணுவான்? போட்டுவிட்டதப் போட்டுப்பான், குடுத்தத சாப்பிடுவான்.”

அதை அவள் நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னாள். அந்தப் பையன்மேல் அவளுக்குக் கோபமில்லை. கோபம் யார்மேல் வர வேண்டுமோ அவள் கல்லறையில் இருந்தாள். வேலி பயிரை மேய்ந்தது மட்டுமல்ல, மேய்ந்ததைப் படமும் பிடித்து வைத்திருக்கிறது. சாரா அத்தை வந்து கதவைத் தட்டிப் போன பிறகுதான் பயந்துபோய் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு ஆணியடித்திருப்பாள். பெட்டிக்குள் தவறி விழுந்தது இந்தப் படம். தவறி விழாமல் அடுப்புக்குப் போனவை அப்பா எடுத்த மற்றப் படங்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நின்ற லேவி அந்த அடுப்பில் போனான். அவனை இரண்டு தடவை எரித்திருக்கிறார்கள் என்று ரெய்னா நினைத்தாள்.

யன்டீனா அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். பாட்டிக்காக, பெட்டிக்காக, கேக்குக்காகக்கூட. ரெய்னா அவள் தலையில் கை வைத்தாள். அழுகை நின்ற பிறகும் யன்டீனா எழுந்திருக்கவில்லை, படத்திலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. கட்டைவிரல் உறையின் மேல் அந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

“அம்மா,” என்றாள் தயங்கி, “கேக்கவே வாய் வரல. எங்கப்பாவோட சின்ன வயசுப் படம்னு எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. நான் அவர வழுக்கைத் தலையோடதான் பாத்திருக்கேன். இத... நான்...”

ரொனி திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். ஒன்னோ தரையைப் பார்த்தார்.

“எடுத்துக்கோம்மா” என்றாள் ரெய்னா. “உங்கப்பாதானே.”

வேறு என்ன சொல்ல முடியும்? யன்டீனா அவள் கையில் முத்தமிட்டாள். அவள் முகத்தில் வெட்கமும் துக்கமும் இருந்தன, அவற்றுக்கு நடுவே அடக்கமுடியாமல் ஒரு சந்தோஷமும் இருந்தது. அது எப்படிப்பட்ட சந்தோஷம் என்று ரெய்னாவுக்குத் தெரியும். அன்று காலை வரை அவளிடம் இருந்ததே அதுதான்.

ஒன்னோ ஏணி போட்டு ஏறி, வெள்ளைத் துணியைக் கழற்றி, பின்னால் ஒட்டியிருந்த பெரிய படத்தை மெதுவாக உரித்தார். கீழே பழைய சாம்பல் சதுரம் அப்படியே இருந்தது. பசை பட்ட இடங்களில் கொஞ்சம் வெளுத்திருந்தது.

“இன்னொரு தடவ வர்ணம் அடிச்சிடறேன்” என்றார்.

“அடிங்க” என்றாள் ரெய்னா.

மூன்று மணிக்கு ஊர்க்காரர்கள் குடையை உதறிக்கொண்டு வந்தார்கள். விழா ஒத்திவைக்கப்பட்டது, காபி உண்டு என்று ஒன்னோ அறிவித்தார். அவர்கள் கோட்டோடு நின்று கேக் சாப்பிட்டார்கள். ஆளுக்கு ஒரு துண்டு.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. ரொனி நெடுஞ்சாலைக்கு ஏறும்வரை பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு வெடித்தான்.

“அதக் கேக்க அந்தப் பொம்பளைக்கு என்ன நெஞ்சழுத்தம்! நீயும் தூக்கிக் குடுத்துட்ட!”

“நான் வெச்சுட்டு என்னடா பண்றது? ஹார்முக்கு மெழுகுவர்த்தி ஏத்தவா?”

“தட்டையாவது கேட்டு வாங்கிட்டு வந்திருக்கலாம்.”

“கெட்டுப்போன தட்டு. அங்கயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மேசைக்கு இப்பப் பொருத்தம்தான்.”

முன்னால் ஒரு லாரி போனது. ரொனி தூரம் விட்டே ஓட்டினான். வயல்களில் தண்ணீர் தேங்கி வானத்தின் நிறத்தில் கிடந்தது. ரெய்னா கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு இப்போது முகம்கூட வேண்டாம். முன்பு இருந்தது போதும். இடுப்புக் கனம், பிசுபிசுத்த கை, ‘நேனா’ என்கிற கத்தல், மேலே ஒன்றுமில்லாத அந்த மங்கல். வாழ்நாள் முழுக்க அவளோடு இருந்தது அந்த மங்கல்தான். அதைத் தேடினாள். அடுப்படியைக் கொண்டுவந்தாள், பூனையைக் கொண்டுவந்தாள், குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். 

விரிந்த காதும் உருண்டைக் கன்னமுமாக ஹார்ம் அவளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். ‘நேனா’ என்றான். வாயில் ரொட்டி இருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். மறுபடி மூடினாள். மறுபடியும் அவன்தான் இருந்தான். எத்தனை முறை தூக்கினாலும் அவன்தான் வந்தான், அவளுடைய தம்பியின் கனத்தோடு.

“அம்மா,” என்றான் ரொனி, அவள் கன்னத்தில் ஈரத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி. “வீட்டுக்குப் போனதும் மொத வேலையா அந்தப் படத்த எடுத்துடறேன்.”

“எங்கேருந்துடா எடுப்ப?” என்றாள் ரெய்னா.